நகக்கண்

சின்ன நாய்க்கு நகம் வெட்டுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, சுபாஸ்ரீ. வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இதற்காக ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போய், வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் பெரிய நாய்களைப் பார்த்து உன் குட்டி நடுங்கி, அதெல்லாம் வேண்டாம். வேண்டியது நல்ல வெளிச்சம், அவசரமில்லாத ஒரு மத்தியானம், நடுங்காத கை. மூன்றும் இங்கே இருக்கின்றன.

மடியில் வைக்கும்போது அதன் முதுகு நம் வயிற்றில் சாய்ந்திருக்க வேண்டும். பாதத்தைக் கீழிருந்து ஏந்த வேண்டும், இழுக்கக் கூடாது. விரலின் அடியில் மெத்தை மாதிரி இருக்கிறதே, அதைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் நகம் தானாக முன்னால் வரும். பார், வந்துவிட்டது. நாய்க்கென்று செய்த நகவெட்டியை நீயே வாங்கி வந்தது நல்லதாயிற்று. நம்முடையதைப் போட்டால் நகம் நசுங்கிப் பிளக்கும்.

நகத்துக்குள் பாதித் தூரம் வரை உயிருள்ள சதை ஓடுகிறது. அதை நகக்கண் என்போம். வெள்ளை நகமாக இருந்தால் வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும். உன் குட்டிக்கு எல்லாமே கறுப்பு. கறுப்பு நகத்தில் கண் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால் ஒரேயடியாக வெட்டக் கூடாது. ஓர் அரிசி மணி அளவு, பிறகு இன்னோர் அரிசி மணி. ஒவ்வொரு தடவையும் வெட்டிய முகத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நடுவில் சாம்பல் நிறத்தில் ஈரமாக ஒரு புள்ளி தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு அப்பால் போனால் இரத்தம்.

பாதுகாப்பாக வெட்டுவது எப்படி என்று கேட்டாயே, அவ்வளவுதான். புள்ளியைக் கண்டால் நிறுத்து.

நீ கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் வராததுமாக இன்னொன்றும் கேட்டாய். "ஸ்ரேயாவுக்குப் புனே ட்ரான்ஸ்ஃபர் வந்துருச்சாமே ஆன்ட்டி, நீங்க தனியா என்னங்க பண்ணுவீங்க?" கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, "அச்சோ, உங்ககிட்ட சொல்லலீங்களா?" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாய். ஒரே ஆபீஸ், ஒரே வண்டி, என் பெண் உன்னிடம் சொல்வாள்தான். நான் குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். 'தனியா' என்ற சொல்லை அப்போது நான் எடுக்கவில்லை. அந்தச் சொல்லுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் மற்றதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரேயா எங்கள் நாய் சோட்டுவைப் பார்க்கக் குகட்பள்ளிக்குப் போயிருக்கிறாள். இவர் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார். நேரம் இருக்கிறது.

மூத்தவன் மாதவ் அமெரிக்கா போனபோது போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொன்னான். பேகம்பேட் ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டினான். பிறகு அங்கேயே வீடு வாங்கிவிட்டான். அவன் பிள்ளைகள் போனில் 'ஹாய்' சொல்லிவிட்டு ஓடிவிடுகின்றன. அதைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இரண்டு பிள்ளைகளில் ஒன்றை ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது, இன்னொன்று எனக்கு. நியாயமான பங்கீடுதானே.

எங்கள் வீட்டில் பேச்சு எப்போதுமே குறைவு. இவர் காஞ்சன்பாக்கில் வேலை செய்த ராணுவ ஆய்வுக்கூடத்தில், வேலையைப் பற்றி வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்பது விதி. நான் கேட்கவும் கூடாது. கல்யாணமான புதிதில் ஒருநாள், "இன்னிக்கு ஆபீஸ்ல என்ன?" என்று கேட்டேன். "சாம்பார் சாதம்," என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. குவார்ட்டர்ஸில் எல்லா வீடுகளும் அப்படித்தான். சாயங்காலம் ஆனால் ஜீப்பில் வந்து இறங்குவார்கள், பேப்பரை விரிப்பார்கள். அவர் ஓய்வு பெற்று ஏ.எஸ்.ராவ் நகரில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்தபோது, இனிமேல் பேசுவார் என்று நினைத்தேன். சொல்லாமல் இருப்பது ஒரு தசை மாதிரி. நாள்பட்டால் அது மட்டும் இறுகிவிடுகிறது. பேப்பர் புரளும் சத்தம், மின்விசிறிச் சத்தம். ஸ்ரேயா வண்டியிலிருந்து இறங்கி, இரண்டிரண்டு படியாக ஏறிவரும்போதுதான் இந்த வீட்டில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

சோட்டு வந்ததும் அவளால்தான். குகட்பள்ளியில் உங்கள் ஆபீஸ் ஃபெலிக்ஸ் வீட்டு நாய் குட்டி போட்டது. வெள்ளைப் பொமரேனியன், நகம் மட்டும் கறுப்பு. ஸ்ரேயாவுக்கு அதன்மேல் உயிர். இங்கேயே பிறந்து படித்தவள் அல்லவா, நான் தமிழில் கேட்டால் பதிலில் பாதி இந்த ஊர் உருதுவாக இருக்கும். சோட்டு யார் முகத்தையாவது நக்கப் போனால் "நக்கோ சோட்டு, நக்கோ" என்று அதட்டுவாள். நக்கோ என்றால் வேண்டாம். வந்த புதிதில் நீகூட விழித்தாய்.

இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஏண்டி, நக்குங்கறயா, நக்காதேங்கறயா? திருச்சி நாயா இருந்தா இந்நேரம் குழம்பிப் போய்ப் பைத்தியம் பிடிச்சிருக்கும்," என்பார்.

"ஹைதராபாத் நாய்ப்பா இவன். உங்களைவிட நன்னாப் புரியும்."

"புரியறதா? அப்ப ஏன் இன்னும் நக்கறது?"

"பிடிவாதம். உங்களை மாதிரி."

நாளடைவில் இவரும் சோட்டுவிடம் நக்கோ சொல்ல ஆரம்பித்தார். தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட மரியாதையாக. சோட்டுவிடம் மட்டும்தான். எங்களிடம் எப்போதும் திருச்சித் தமிழ்.

நகம் வெட்டுவது என் வேலை. ஸ்ரேயாவுக்குக் கை நடுங்கும். அவள் பிடித்துக்கொள்வாள், நான் வெட்டுவேன். முதல் தடவை நடந்தது சத்தியமாக விபத்து. அவளுக்கு ஆன்சைட் வேலை வந்திருந்தது, அமெரிக்காவில் டல்லாஸ். விசாவுக்குச் சென்னை போக வேண்டும். சாயங்காலம் சார்மினார் எக்ஸ்பிரஸ். மத்தியானம், "அம்மா, நான் போறதுக்குள்ள இவன் நகத்தை வெட்டிடலாம்," என்று தூக்கிவந்தாள். நான் மாதவ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றதை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆழமாகப் போய்விட்டது. நாய் கத்திய கத்தலில் பக்கத்து ஃப்ளாட் ஜம்புநாதன் மாமா கதவைத் தட்டினார். வெள்ளை மயிரில் இரத்தம் இருக்கிற அளவைவிட அதிகமாகத் தெரியும். இவருடைய ஷேவிங் பெட்டியிலிருந்த படிகாரத்தைப் பொடித்து வைத்து அழுத்தினேன். நிற்க நேரமாயிற்று. ஸ்ரேயா அந்தப் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தே இருந்தாள். ரயில் போய்விட்டது.

"பரவால்லைமா, அடுத்த தேதி வாங்கிக்கறேன்," என்றாள். ஆபீஸில் அதற்குள் வேறு யாரையோ அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து காப்பி குடித்தாள். ஓர் அரிசி மணி கூடுதலாக வெட்டியதால் அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்தது தப்பில்லை. நடந்ததைத்தானே நினைத்தேன்.

இரண்டாவது தடவையை விபத்து என்று சொல்ல மாட்டேன். மழைக்காலம் முடிந்து மறுபடியும் டல்லாஸ் வந்தது. இந்தத் தடவை பின்னங்கால் நகத்தை எடுத்துக்கொண்டேன். பின்னங்காலென்றால் நொண்டுவது நன்றாகத் தெரியும். அரிசி மணி, அரிசி மணியாகத்தான் வெட்டினேன், உனக்குச் சொன்ன மாதிரியே. புள்ளி வந்தது. சாம்பல் நிறம், ஈரம். அதை நன்றாகப் பார்த்தேன். ஸ்ரேயாவும் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. "நக்கோமா," என்றாள். சோட்டு அப்போது என் புறங்கையை நக்கிக்கொண்டிருந்தது. அவள் நாயிடம் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் 'மா' இருந்ததே என்று நீ கேட்கலாம். நாயை யாரும் அம்மா என்று கூப்பிடுவதில்லை. அது எனக்கும் தெரியும்.

அந்தக் காயம் சீழ் பிடித்தது. கட்டு, மாத்திரை, ஊசி. ஸ்ரேயா லீவு போட்டாள். டல்லாஸ் மறுபடியும் வேறு யாருக்கோ போயிற்று. நாய் டாக்டர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, இனிமேல் நகம் வெட்ட இங்கேயே கூட்டிவாருங்கள் என்று மட்டும் சொன்னார். ஸ்ரேயாவும் குற்றம் சொல்லவில்லை. "அம்மாக்குக் கண் சரியாத் தெரியலை, பாவம்," என்று மறுநாளே என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய்ப் புதுக் கண்ணாடி போட்டுவிட்டாள். நல்ல கண்ணாடி. இதோ போட்டிருக்கிறேனே, இதுதான். எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது.

ஆனால் அலமாரி இழுப்பறையைத் திறந்தாலே சோட்டு கட்டிலுக்கடியில் போய் நடுங்க ஆரம்பித்தது. நான் தயிர்சாதம் வைத்தால் தின்னாது, இவர் வைத்தால் தின்னும். ஸ்ரேயா கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு, "ஃபெலிக்ஸ் வீட்ல சோட்டுவோட அம்மா இருக்காமா, ஃபெலிக்ஸ் வைஃப் ரோஸ்லினும் நாள்பூரா வீட்லதான், அங்க நன்னா இருப்பான்," என்று கொண்டுபோய் விட்டுவிட்டாள். சோட்டு போனதும் அவளை இங்கே பிடித்துவைக்க அவள் அப்பாவைத் தவிர வேறு யாரும் இல்லை.

நான் இல்லையா என்று கேட்கிறாயா? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, சுபாஸ்ரீ. நன்றாக இருப்பவர்களுக்காக யாரும் ரயிலை விடுவதில்லை.

கையை நீட்டாதே. நீ பதறினால் குட்டியும் பதறும். இந்தப் பாதம் முடிந்தது, பார். ஒரு சொட்டு இல்லை. அடுத்ததை எடுத்துக்கொள்கிறேன்.

இவருக்குச் சர்க்கரை வந்து வெகுகாலம். பாதத்தில் உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் பாதத்தை அங்கங்கே தொட்டு, தெரிகிறபோது சொல்லுங்கள் என்றார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கடைசியில், எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் தொட்டு முடித்து இழையைக் கீழே வைத்திருந்தார். வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் இவரே அதைச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாம் சொல்லியிருந்தார். வெறுங்காலில் நடக்க விடாதீர்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், மூலைக்குள் போகாதீர்கள். சின்னக் காயம்கூட இவருக்குத் தெரியாது, ஆறவும் ஆறாது. அதனால் தினமும் நீங்கள் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார். உனக்கு நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, தெளிவாக.

மூன்றாவது தடவை டல்லாஸ் வந்தபோது விசா ஆகிவிட்டது. டிக்கெட்டும் வந்துவிட்டது. ஸ்ரேயா பெட்டி வாங்கப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. நான் வெந்நீரில் இவர் காலை ஊறவைத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டேன். கட்டைவிரல் நகம் கொம்பு மாதிரி தடித்து மஞ்சளாக இருந்தது. சாதாரண நகவெட்டிக்குள் நுழையவில்லை. சோட்டுவினுடையது இழுப்பறையில் இருந்தது.

நான் யோசிக்காமல் செய்தேன் என்று நினைக்காதே. நிறைய யோசித்தேன். சோட்டு விஷயத்தில் என் மனதை அறுத்தது ஒன்றே ஒன்றுதான்: அதற்கு வலித்தது. வாயில்லாத ஜீவன், கத்தியது. இவருக்கு வலிக்காது. ஒரு சின்னப் புண், நாலு நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் ஒரு வாரம், விமானத் தேதி தாண்டிவிடும். யாருக்கும் வலிக்காத காரியம். இதைவிட நிதானமாக ஒருத்தி எப்படி யோசிக்க முடியும் என்று நீயே சொல்.

ஒரு மூலையை வெட்டினேன். நகம் விட்டு, சதைக்குள். இரத்தம் மெதுவாகத்தான் வந்தது. அந்தக் காலுக்கு இரத்தம் வருவதே குறைவு. புதுக் கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. அப்போது பேப்பர் கீழே இறங்கியது. அவர் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. எங்கள் வீட்டில் மௌனத்துக்கு அளவு கிடையாது.

"நக்கோ, ரமணி," என்றார்.

தாழ்ந்த குரலில். சோட்டுவிடம் சொல்கிற குரலில்.

சோட்டு அப்போது வீட்டில் இல்லை. அதனால் நாயிடம் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள எனக்கு வழியில்லாமல் போயிற்று. இன்னொரு மூலை பாக்கி இருந்தது. அதையும் வெட்டினேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். இழுத்திருக்கலாம். பேப்பரை மறுபடியும் உயர்த்திக்கொண்டார். ஓரம் லேசாக நடுங்கியது. மின்விசிறிக் காற்றாக இருக்கும். நான் துடைத்துவிட்டுக் காலுறையை மாட்டிவிட்டேன். படிகாரம் வீட்டில் இருந்தது. மஞ்சளும் இருந்தது.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னபடி தினமும் பார்த்தேன். ஒருநாளும் தவறவிடவில்லை. சிவந்தது, பார்த்தேன். வீங்கியது, பார்த்தேன். நிறம் மாறியது. ஸ்ரேயா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். புளிக்காய்ச்சல் எவ்வளவு எடுத்துப்போகலாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சீக்கிரம் சொன்னால் சீக்கிரம் ஆறிவிடும், அவள் போய்விடுவாள். அதனால் காத்திருந்தேன். அவள் கிளம்பும் நாள் நெருங்கியபோது, "அப்பா காலைக் கொஞ்சம் வந்து பாரேன்," என்றேன். காலுறையைக் கழற்றியதும் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் விரல் என்றார்கள். பிறகு பாதி பாதம். பிறகு முழங்காலுக்குக் கீழே. நான் நினைத்தது அரிசி மணி அளவு. மனித உடம்புக்குள் அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் காயம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இவரே, "செருப்புக் கடி," என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரகசியம் காப்பது அவர் உத்தியோகம். எனக்கு அது ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரியாமல் துணிந்திருப்பேனா?

ஸ்ரேயா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கைக்குமா? கைக்கு நமக்கு இப்படி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கைக்கு என்றால் ஏன். பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினாள். ஆபீஸில் பேசி வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினாள். நான் தேய்த்துவிட, அவள் தலைகுளித்தாள். கீரைக்கூட்டு, பருப்புத் துவையல் என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். இவருக்கு அவள் கட்டுப் பிரித்துக் கட்டுவாள், நான் பக்கத்தில் நின்று பஞ்சு எடுத்துக்கொடுப்பேன். மூன்று பேரும் ஒரே அறையில். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல மாதங்கள் இருந்ததில்லை. இதை வெளியில் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது கொஞ்ச நாளாகச் சின்னச் சின்ன மாற்றங்கள். நான் பஞ்சோடு போனால், "நீ போய்ப் படும்மா, நான் பாத்துக்கறேன்," என்கிறாள். இவருக்கு நகமும் அவளே வெட்டுகிறாள், நடுங்குகிற கையோடு. சோட்டுவின் நகவெட்டி இழுப்பறையில் இல்லை. வீடு ஒழிக்கும்போது எங்காவது போயிருக்கும். நான் அறைக்குள் நுழைந்தால் இவர் போர்வையைப் பாதம் வரை இழுத்துவிட்டுக்கொள்கிறார். இந்த மே மாத வெயிலில். ஒரு கால் போனவருக்கு உடம்பில் சூடு குறைந்துதான் இருக்கும். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பது சமையலறைக்குக் கேட்கும். ஆமாம், பேசுகிறார், மணிக்கணக்கில் பேசுகிறார். நான் போனதும் நின்றுவிடும். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "சும்மா, காஞ்சன்பாக் கதைதாம்மா," என்கிறாள். ஓய்வு பெற்றுவிட்டாரே, விதி தளர்ந்திருக்கும்.

இப்போது நீ சொன்னதற்கு வருகிறேன். 'தனியா' என்றால் என்ன என்று சற்று முன் நான் கேட்டபோது, உன் குட்டியின் பாதம் என் கையில் இருந்தது. நீ உடனே சொல்லிவிட்டாய். நல்ல பெண். "கோச்சுக்காதீங்க ஆன்ட்டி. வீடெல்லாம் பாத்தாச்சுங்க. கிரவுண்ட் ஃப்ளோர், ரெண்டு ரூம். ஒண்ணு அங்கிளுக்கு, ஒண்ணு அவளுக்கு. பாத்ரூம்ல கைப்பிடிகூட வெச்சுட்டாங்களாம்." பிறகு, "உங்களை மாதவ் அண்ணன் கூட்டிக்குவாருன்னு நெனச்சேனுங்க," என்றாய். அதை நீயாகச் சேர்த்தாய் என்று எனக்குத் தெரியும். இரக்கப்பட்டுச் சேர்த்தாய்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்ரேயா சின்னப்பெண், அவசரத்தில் கணக்குத் தவறிவிட்டது. அவர் அவளிடம் ஏதாவது சொல்லியிருப்பார் என்று நீ நினைக்கிறாய், உன் கண்ணில் தெரிகிறது. சொல்லியிருக்க மாட்டார். அத்தனை வருஷம் கூட வாழ்ந்த எனக்கே சாம்பார் சாதத்துக்கு மேல் ஒன்றும் சொல்லாதவர், மகளிடம் சொல்வாரா?

அதனால் நீதான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் ஒளிக்காமல் சொன்னேன். நான் பேச ஆரம்பித்தால் இந்த வீடே மௌனமாகிவிடுகிறது. நீ சொன்னால் கேட்பாள். நான் சொன்ன வரிசையிலேயே சொல். முதலாவது விபத்து, மற்றது அவள்மேல் இருந்த பிரியம் என்று சொல். புரிந்துகொள்வாள், அவள் என் பெண்.

இந்தா, பிடித்துக்கொள். எல்லா நகமும் ஆயிற்று. ஓர் இடத்திலும் இரத்தம் இல்லை பார். நிறுத்த வேண்டிய இடத்தில் எனக்கு நிறுத்தத் தெரியும் என்பதை உன் கண்ணாலேயே பார்த்தாய். அதையும் அவளிடம் சொல்.

புனே வீட்டில் இரண்டு அறை தாராளம் என்று சொல். எனக்கென்று தனியாக ஒன்றும் வேண்டாம். இவர் கட்டிலின் கால்மாட்டில் ஒரு பாய் போட்டுக்கொள்வேன். மிச்சம் இருக்கும் காலை யாராவது தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?